அசல் உத்தர், 1965: பேட்டன் தோற்றதற்குப் "பயிற்சி" காரணம் என்கிறார்களே, எந்தப் பயிற்சி?

மேப்_மாணிக்கம் (கேள்வி)

1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை பஞ்சாபில் கேம்கரண் அருகே நடந்த அசல் உத்தர் சண்டையைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாகிஸ்தானின் 1ஆவது கவசப் படைப்பிரிவு எம்47, எம்48 பேட்டன் டாங்கிகளோடு வந்தது. 90 மி.மீ. பீரங்கி, 810 குதிரைத்திறன் எஞ்சின், உள்ளேயே தூரமானி. எதிரே இந்தியாவின் 4ஆவது மலைப் படைப்பிரிவும் 2ஆவது தனிக் கவச பிரிகேடும். அந்த பிரிகேடிலும் பிரிட்டிஷ் செஞ்சுரியன் டாங்கி வைத்திருந்தது 3ஆவது கேவல்ரி ரெஜிமென்ட் மட்டும்தான். டெக்கான் ஹார்ஸிடம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஷெர்மன், 8ஆவது லைட் கேவல்ரியிடம் சுமார் 15 டன் எடையுள்ள ஏஎம்எக்ஸ்-13. கடைசியில் இந்தியக் கணக்குப்படி 97 பாகிஸ்தான் டாங்கிகள் அழிந்தன அல்லது பிடிபட்டன.

எங்கே தேடினாலும் "பேட்டன் சிக்கலான வண்டி, அவர்களுக்குக் கையாளத் தெரியவில்லை, நம் ஆட்களுக்குப் பயிற்சி அதிகம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வரிக்குள்ளே போகவேண்டும்.

தூரமானி இருந்தும் அது ஏன் உதவவில்லை? உள்ளே இருக்கும் நாலு பேர் ஒரு குண்டு போடுவதற்குள் என்னென்ன செய்கிறார்கள், எங்கே நேரம் வீணாகிறது? தலைமை, தலைமை என்கிறார்களே, ஒரு டாங்கி ரெஜிமென்டில் அது கையில் தொட்டுக் காட்டும்படி எங்கே இருக்கிறது?

இன்னொன்று: அந்தச் சண்டையில் ஆவடியில் செய்த டாங்கி இருந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மையா?

கன்னர்_சீட்

கடைசிக் கேள்விக்கு முதலில். இல்லை. ஆவடித் தொழிற்சாலையின் முதல் விஜயந்தா டாங்கி அந்த வருடக் கடைசியில்தான் வெளியே வந்தது. சண்டை செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது.

இனி தூரமானி. பேட்டனில் இருந்தது இரண்டு கண்ணையும் வைத்துப் பார்க்கும் ஸ்டீரியோ வகை. கண்ணாடிக்குள் சில குறிகள் அந்தரத்தில் மிதப்பதுபோலத் தெரியும். குமிழைத் திருகி, அந்தக் குறி இலக்கு இருக்கும் அதே ஆழத்தில் நிற்பதாக மூளைக்குத் தோன்றும்வரை கொண்டுவரவேண்டும். ஆழத்தை உணரும் திறன் எல்லாருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. நன்றாக வாய்த்தவரும் விடாமல் பழகவேண்டும். கண்களுக்கு இடையே உள்ள தூரத்துக்கு ஏற்பக் கருவியை அமைத்து, ஆளுக்கு ஆள் மாறும் திருத்த எண்ணையும் போடவேண்டும். காலையில் ஒருவர் போட்டுவைத்த எண்ணோடு மாலையில் வேறொருவர் உட்கார்ந்தால் கருவி பொய் சொல்லும். புழுதியிலும் கானலிலும், விளிம்பு தெளிவாகத் தெரியாத கரும்புத் தோகைக்குள்ளும் மிதக்கும் குறியை எதன்மேல் நிறுத்துவது?

இன்னொரு விஷயத்தை யாரும் எழுதுவதில்லை. எம்47இல் தூரமானியைப் பார்ப்பவர் கன்னர் (பீரங்கியைக் குறிவைத்துச் சுடுபவர்). எம்48இல் அந்த வேலை கமாண்டருக்கு. கமாண்டர் முகத்தைக் கண்ணாடியில் புதைத்துக்கொண்டு தூரம் எடுக்கும் அந்தச் சில நொடிகள் வண்டிக்கு வெளியே பார்க்க யாருமே இல்லை. இடது பக்கத்திலிருந்து ஒருவன் குறிவைக்கிறான் என்றால் அது அடி விழுந்த பிறகுதான் தெரியும்.

அதைவிட முக்கியம், அந்த நிலத்தில் தூரமானியே தேவைப்படவில்லை என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சேபோ குண்டு (வெளிச்சட்டை கழன்று விழ, நடுவில் உள்ள ஒல்லியான உலோகம் மட்டும் போய்க் கவசத்தைத் துளைக்கும் வகை) நொடிக்கு 1,400 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது என்று வையுங்கள். காற்றுத் தடையை விட்டுவிடுவோம். சைட்டை (குறிபார்க்கும் கண்ணாடியை) நிரந்தரமாக 1,000 மீட்டருக்கு வைத்து, இலக்கின் நடுவில் குறிவைத்துச் சுடுகிறீர்கள். இலக்கு உண்மையில் 800 மீட்டரில் இருந்தால் குண்டு நடுவிலிருந்து சுமார் 40 செ.மீ. மேலே படும். 500 மீட்டரில் இருந்தால் 60 செ.மீ. மேலே. 1,200 மீட்டரில் இருந்தால் 60 செ.மீ. கீழே. பேட்டனின் உயரமோ 3 மீட்டர் சொச்சம். மூன்றிலும் அடிதான். 1,400 மீட்டரில் குண்டு 1.4 மீட்டர் இறங்கி அடிவயிற்றை உரசும். 1,500 என்றால் முன்னாலேயே மண்ணைக் கிளப்பும். கரும்பும் வாய்க்கால் கரையும் நிறைந்த அந்தப் பூமியில் ஓர் ஆளின் பார்வை ஆயிரம் மீட்டருக்குமேல் போவதே அபூர்வம். ஆக, எளிய சைட்டும் தட்டையாகப் பறக்கும் குண்டும் போதும். தூரம் எடுக்கச் செலவான ஒவ்வொரு நொடியும் நஷ்டக் கணக்கு.

நீண்ட தூரத்துக்கு மில் கணக்கு. 1,000 மீட்டரில் 1 மீட்டர் அகலம் ஏறத்தாழ 1 மில் கோணம் பிடிக்கும். பேட்டனின் அகலம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். பைனாகுலர் கோட்டில் அது மூன்றரை மில் இருந்தால் 1,000 மீட்டர், ஒன்றேமுக்கால் இருந்தால் 2,000. இங்கே எல்லாரும் செய்யும் தப்பு, சாய்வாக நிற்கும் டாங்கியை நேராக நிற்பதாக நினைப்பது. அப்போது முன்பக்கத்தோடு பக்கவாட்டும் சேர்ந்து அகலம் கூடுதலாகத் தெரியும். தூரத்தைக் குறைத்துக் கணிப்பீர்கள், குண்டு முன்னால் விழும்.

இப்போது நாலு பேர் வேலை. கமாண்டர் இலக்கைப் பார்க்கிறார். டரட்டை (பீரங்கியோடு சுழலும் மேல்கூட்டை) அந்தப் பக்கம் திருப்பவைத்துக்கொண்டே உத்தரவு சொல்கிறார். அது மாறாத வரிசை: எந்தக் குண்டு, எந்த இலக்கு, எவ்வளவு தூரம், எந்தப் பக்கம். "சேபோ, டாங்க், ஆயிரம், வலது… நிதானம்… ஆன்." கன்னர் கண்ணுக்கு இலக்கு கிடைத்ததும் "ஆன்" என்று திருப்பிச் சொல்வார். லோடர் குண்டைத் தள்ளி, மூடி அடைந்ததும், பின்னால் உதைக்கும் பீரங்கியின் பாதையிலிருந்து விலகி, "லோடட்" என்பார். அதற்குப் பிறகுதான் "ஃபயர்". கன்னர் விசையை அழுத்தும் முன் ஒரு குரல் கொடுப்பார். இந்த ஐந்தாறு சொற்களில் ஒன்றைக்கூட நீட்டக்கூடாது, மாற்றக்கூடாது. வரிசை பிறழ்ந்தால் லோடர் கையில் வேறு குண்டு இருக்கும். பயிற்சி என்பதில் பாதி, இந்த வரிசையை இருட்டிலும் புகையிலும் எஞ்சின் இரைச்சலிலும் பிசகாமல் சொல்லப் பழகுவதுதான். மீதிப் பாதி முதல் குண்டுக்கு அடுத்த நொடியில் இருக்கிறது. பீரங்கி வாய்ப் புகையும் முன்னால் எழும் புழுதியும் கன்னரின் சைட்டை மறைத்துவிடும், குண்டு எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. மேல்மூடி வழியாகத் தலையை வெளியே வைத்திருக்கும் கமாண்டரோ பக்கத்து வண்டியோ பார்த்துச் சொல்லவேண்டும். யாருக்குமே தெரியவில்லை என்றால் காத்திருக்காமல் 1,200 ஒன்று, 800 ஒன்று. மூன்றில் ஒன்று பட்டுவிடும்.

சங்கிலித்தடம்

கன்னரி (சுடும் கலை) பற்றி மேலே சொன்னதில் குறையில்லை. ஆனால் அசல் உத்தரைப் பாதி ஜெயித்தது மண்வெட்டி. ஏன் என்றால், 4ஆவது படைப்பிரிவு பின்வாங்கி வந்து அசல் உத்தரைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் நிலை எடுத்ததும், வாய்க்கால் கரைகளை வெட்டி வயல்களில் தண்ணீர் பாய்ச்சினார்கள். நம் ஊரில் மடை திறந்துவிடுவதுபோலத்தான். நெல்லும் கரும்பும் நின்ற மண் ஓர் இரவில் உளையாக மாறியது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் கழித்துவிடுவோம். "பேட்டன் கனமானது, அதனால் புதைந்தது" என்பார்கள். பேட்டன் சுமார் 45 டன், செஞ்சுரியன் 51 டன். நம்முடையதுதான் கனம். புதைந்தவன் நகரவேண்டியிருந்தவன், அவ்வளவுதான். கரைக்குப் பின்னால் நின்றவனுக்குச் சேறு ஒரு பிரச்சினையே இல்லை. அதேபோல "பேட்டன் பெட்ரோல் எஞ்சின், அதனால் எரிந்தது" என்பதும். அந்தக் காலத்து செஞ்சுரியனும் பெட்ரோல்தான்.

சேற்றில் டிரைவர் செய்யும் தப்புகள் எல்லாப் படையிலும் ஒன்றே. முதல் தப்பு, திருப்புவது. டாங்கி திரும்புவது ஒரு பக்கச் சங்கிலியை மெதுவாக்கி. உளையில் சட்டென்று திருப்பினால் சேறு பக்கவாட்டில் சக்கரத்துக்கும் சங்கிலிக்கும் நடுவே அடைந்து, சங்கிலி பல்சக்கரத்தை விட்டுக் கழன்றுவிடும். முன்பே சங்கிலி தளர்வாக இருந்தால் நிச்சயம் கழலும். கழன்ற சங்கிலியைச் சண்டை நடுவில் மாட்ட முடியாது. ஆட்கள் இறங்கவேண்டும், பிணைப்பைத் திறக்கவேண்டும், நேரம் மணிக்கணக்கு. இரண்டாவது தப்பு, சக்கரம் சுழல்கிறது என்று ஆக்சிலரேட்டரை மிதிப்பது. சங்கிலி மண்ணைத் தோண்டித் தோண்டி, கடைசியில் வண்டியின் வயிறு தரையில் உட்கார்ந்துவிடும். அதன்பின் சங்கிலி எவ்வளவு ஓடினாலும் பயனில்லை, எடை முழுவதும் வயிற்றில். சரியான வழி, சறுக்க ஆரம்பித்த கணமே நிறுத்தி, திருப்பாமல், வந்த தடத்திலேயே பின்னோக்கி மெதுவாக எடுப்பது. முன்னால் போனவரின் தடத்திலும் ஏறாதீர்கள். அவர் மேற்பரப்பை ஏற்கெனவே உடைத்துவிட்டார், இரண்டாவது வண்டிக்கு அடியில் கஞ்சிதான் இருக்கும்.

புதைந்ததை இழுக்க இன்னொரு டாங்கியை அனுப்பினால் அதுவும் புதையும். கெட்டியான தரையில் நிற்கும் வண்டியிலிருந்து நீளமாகக் கேபிள் இழுத்துச் செய்யவேண்டிய வேலை அது. பாகிஸ்தானின் 4ஆவது கேவல்ரி டாங்கிகள் பல இப்படித்தான் எரிபொருளும் வழியும் இல்லாமல் மாட்டிக்கொண்டு, கமாண்டிங் ஆபீசர் உட்படப் பலர் பிடிபட்டார்கள். முழுசாக நின்ற வண்டிகளை ஓட்டி வந்து பிக்கிவிண்ட் பக்கம் வரிசையாக நிறுத்த, அந்த இடத்துக்கே பேட்டன் நகர் என்று பேர் வந்தது.

கரும்பைப் பற்றி ஒரு வார்த்தை. செப்டம்பரில் அது டரட்டை மறைக்கும் உயரம். உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியாது. ஆனால் வெளியே இருப்பவருக்கு உள்ளே எங்கே வண்டி வருகிறது என்று தெரியும், தோகை ஆடும். காற்றில்லாத நேரத்தில் ஒரு கோடு மட்டும் ஆடினால் அதன் முனையில் டாங்கி இருக்கிறது.

எதிர்க்கட்சி

இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒரு பக்கம் மட்டும் பார்க்கிறீர்கள். "பேட்டனைக் கையாளத் தெரியவில்லை" என்றால் அதே செப்டம்பர் 8ஆம் தேதி, சியால்கோட் பக்கம் கட்கோரில் நடந்ததை எப்படி விளக்குவீர்கள்?

அங்கே இந்தியாவின் 1ஆவது கவசப் படைப்பிரிவு, செஞ்சுரியன்களோடு முன்னேறியது. தடுத்தது பாகிஸ்தானின் 25ஆவது கேவல்ரி, ஒரே ரெஜிமென்ட், அதே பேட்டன். லெப்டினன்ட் கர்னல் நிசார் அகமது கான் தன் ஸ்குவாட்ரன்களை (ரெஜிமென்டின் உட்பிரிவுகளை) ஒன்றாகக் குவிக்காமல் அகலமாக விரித்து நிறுத்தினார். பல இடங்களிலிருந்து சூடு வந்ததும், எதிரே பெரிய படை இருப்பதாக எண்ணி இந்தியத் தரப்பு நின்றுவிட்டது. மறுபடி பெரிய அளவில் நகர்ந்து பில்லோராவைப் பிடித்தது 11ஆம் தேதி. இடையில் கிடைத்த நாட்களில் பாகிஸ்தான் தன் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. சாவிண்டா கடைசிவரை விழவில்லை. பூனா ஹார்ஸின் லெப்டினன்ட் கர்னல் தாராபூர் அங்கே 16ஆம் தேதி இறந்து பரம்வீர் சக்ரா பெற்றார். துணிச்சலுக்குக் குறைவே இல்லை, ஆனாலும் ஊர் விழவில்லை.

ஆக, ஒரே நாளில், ஒரே வகை வண்டி, ஓரிடத்தில் தடுத்து நிறுத்தியது, இன்னோரிடத்தில் சிக்கி அழிந்தது. என் கணக்கில் வித்தியாசம் இதுதான்: யார் நிற்கிறான், யார் நகர்கிறான், நகர்பவனோடு காலாட்படை வருகிறதா. அசல் உத்தரில் பேட்டன்கள் காலாட்படை இல்லாமல் பயிருக்குள் நுழைந்தன. பயிருக்குள் ஒளிந்திருக்கும் ஜீப்பைத் தேடிப் பிடிப்பது டாங்கியின் வேலை இல்லை, நடந்து வருபவனின் வேலை.

மேப்_மாணிக்கம்

கட்கோர் விஷயம் எனக்குப் புதிது, நன்றி. அப்படியானால் நிற்பவனுக்கு எப்போதும் சாதகம் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஜீப் என்றது அப்துல் ஹமீது சுட்ட 106 மி.மீ. பின்னுதைப்பற்ற பீரங்கிதானே? அதைப் பற்றியும் யாராவது எழுதுங்கள்.

ரிசல்தார்_மேஜை

நிற்பவனுக்குச் சாதகம் தானாக வராது தம்பி, சம்பாதிக்கவேண்டும். அதில்தான் நீங்கள் கேட்ட தலைமை இருக்கிறது.

கணக்கு இது: மூன்று டாங்கி ஒரு ட்ரூப். நாலு ட்ரூப்பும் தலைமையின் இரண்டு வண்டியும் சேர்ந்து 14, அது ஒரு ஸ்குவாட்ரன். மூன்று ஸ்குவாட்ரனும் ரெஜிமென்ட் தலைமையின் மூன்றும் சேர்ந்து 45. ட்ரூப் கையில் வைத்திருப்பவர் ஓர் இளம் அதிகாரி அல்லது ஜூனியர் கமிஷண்டு ஆபீசர். மற்ற வண்டிகளின் கமாண்டர்கள் டஃபேதார்கள், காலாட்படை ஹவில்தாருக்குச் சமமான பதவி. (நம் கலெக்டர் ஆபீஸ் டவாலி டபேதாரும் இதே சொல்தான். டாங்கிப் படையின் பதவிப் பேர்கள் குதிரைப் படைக் காலத்தவை. சிப்பாய்க்கு இன்றும் சோவார், அதாவது குதிரை ஏறியவன் என்றுதான் பேர்.)

நிலை எடுத்ததும் ட்ரூப் தலைவர் செய்யவேண்டியது நாலு வேலை. ஒவ்வொரு வண்டிக்கும் இடது எல்லை, வலது எல்லை காட்டிக்கொடுக்கவேண்டும். முன்னால் தெரியும் ஒற்றை மரம், கிணறு, சூளை எல்லாவற்றுக்கும் தூரம் அளந்து ஒரு அட்டையில் எழுதி ஒவ்வொரு கன்னரிடமும் கொடுக்கவேண்டும். தூரமானிக்குப் பதில் அந்த அட்டைதான், அது வருபவனிடம் இருக்காது. மாற்று இடத்தை முன்பே நடந்து பார்க்கவேண்டும். கடைசியாக, யார் முதலில் சுடுவது என்று முடிவு செய்யவேண்டும்.

இதில் மிகக் கடினம் கடைசி ஒன்று. வரிசையில் ஒருவர் கை அரித்து 1,500 மீட்டரில் சுட்டுவிட்டால் எல்லாரின் இடமும் வெளிப்பட்டுவிடும், வருபவன் திரும்பிப் போய் வேறு பக்கம் வருவான். முதல் வண்டி பொறிக்குள் நன்றாக நுழையும்வரை மௌனம். பிறகு பங்கீடு: இடது வண்டி இடக்கோடியில் இருப்பதை, வலது வண்டி வலக்கோடியில் இருப்பதை, நடுவண்டி நடுவில் இருப்பதை. இதைச் சொல்லிவைக்காவிட்டால் மூன்று கன்னரும் முன்னால் வரும் அந்த ஒற்றை டாங்கியையே மூன்று முறை அடிப்பார்கள், பின்னால் வருபவன் தப்பிவிடுவான். இரண்டு மூன்று குண்டுக்குப் பிறகு பின்வாங்கி, கரை மறைவிலேயே முப்பது நாற்பது மீட்டர் தள்ளி வேறு இடத்தில் ஏறவேண்டும். அதே இடத்தில் மறுபடி தலை நீட்டியவர் அங்கேயே நின்றுவிடுவார்.

கரைக்குப் பின்னால் ஏறுவதற்கும் முறை உண்டு. முதலில் கமாண்டரின் கண் மட்டும் கரைக்கு மேலே. இலக்கு உறுதியானதும் டிரைவர் அங்குலம் அங்குலமாக ஏற்றுவார். கன்னர் தன் சைட்டில் இலக்கு தெரிந்ததும் நிறுத்தச் சொல்வார். இங்கேதான் புதியவர்கள் வழுக்குவது: சைட் மேலே இருக்கிறது, பீரங்கி வாய் அதைவிடக் கீழே. கண்ணுக்கு வழி தெளிவு, குண்டுக்கு முன்னால் கரை. சுட்டால் பத்து மீட்டரில் உங்கள் கரையையே பெயர்ப்பீர்கள். குண்டு ஏற்றும் முன் லோடர் திறந்திருக்கும் குழல் வழியாக ஒரு முறை பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும்.

106ஐப் பற்றி. ஹவில்தார் அப்துல் ஹமீது 4ஆவது கிரனேடியர்ஸ். ஜீப்பில் ஏற்றிய பீரங்கி, எடை 200 கிலோவுக்குச் சற்று மேல். குழல்மேல் ஒரு சின்னத் துப்பாக்கி உண்டு. முதலில் அதில் சுட்டு, இலக்கில் பளிச்சென்று மின்னினால் அதே குறியில் பெரியதை விடவேண்டும். பின்னால் பீறிடும் தீயும் புழுதியும் ஒரு பிளாட்டூனுக்கே கேட்கும், தெரியும். பின்னால் முப்பது மீட்டருக்கு யாரும் இருக்கக்கூடாது. அதனால் ஒரு குண்டு, உடனே இடம் மாற்றம், இது தவறக்கூடாத விதி. ஜீப்பின் தகட்டால் இயந்திரத் துப்பாக்கிக் குண்டைக்கூடத் தாங்க முடியாது. ஹமீது பயிருக்குள் மறைந்து டாங்கிகள் மிகக் கிட்டே வரும்வரை பொறுத்துச் சுட்டார், இடம் மாறினார், மறுபடி சுட்டார். 10ஆம் தேதி அவர் இறந்தது ஒரு டாங்கியோடு நேருக்கு நேர் நின்றபோது. பரம்வீர் சக்ரா.

மேல்மட்டத் தலைமையில் பிரிகேடியர் தியோகராஜ், 3ஆவது கேவல்ரியின் சலீம் காலேப், டெக்கான் ஹார்ஸின் வைத்யா (பின்னாளில் ராணுவத் தளபதி) மூவருக்கும் மகாவீர் சக்ரா. எதிர்ப்பக்கம் 1ஆவது கவசப் படைப்பிரிவின் பீரங்கிப் படைத் தலைவர் பிரிகேடியர் ஷமி, முன்னணிக்கு வந்து பார்த்தபோது 10ஆம் தேதி இறந்தார். முன்னால் வந்தது தப்பில்லை, டாங்கித் தலைமை முன்னால்தான் இருக்கவேண்டும். முன்னால் போகிறவர் நிலைமை தெரியாத இடத்தில் காவல் வண்டி இல்லாமல் ஜீப்பில் போகக்கூடாது.

எதிர்க்கட்சி சொன்ன கட்கோரை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். நிசார் அகமது கான் செய்ததும் இதேதான்: எல்லை பிரித்தார், மறைவில் நிறுத்தினார், ஒரே நேரத்தில் பல இடங்களிலிருந்து சுடவைத்தார். ஆனால் அவரிடம் பின்னால் வைத்துக்கொள்ள ஒரு வண்டிகூட மிஞ்சவில்லை. இந்தியத் தரப்பு அன்று மாலையே ஒரு ஓரத்தைச் சுற்றி வந்திருந்தால் அவரால் எதையும் நகர்த்தியிருக்க முடியாது.

சங்கிலித்தடம்

ஒரு சேர்ப்பு, மேலே கேபிள் பற்றி அரைகுறையாக விட்டுவிட்டேன். இரண்டு கேபிளையும் நேர்நேராக மாட்டாதீர்கள், குறுக்காக மாட்டுங்கள்: முன்வண்டியின் இடது கொக்கியிலிருந்து பின்வண்டியின் வலதுக்கு, வலதிலிருந்து இடதுக்கு. அப்போதுதான் பின்வண்டி முன்வண்டி போகும் பக்கமே திரும்பி வரும். இழுக்க ஆரம்பிக்கும்போது வெட்டி இழுக்கக்கூடாது. கேபிள் அறுந்தால் எந்தப் பக்கம் வீசும் என்று சொல்ல முடியாது, அதனால் மேல்மூடிகள் மூடியிருக்கவேண்டும், கேபிளின் நீளத்துக்கு இரு பக்கமும் ஆள் நிற்கக்கூடாது.